சர்வேயரம்மா கை காட்ட மறந்தது

சர்வேயரம்மாவின் கணவர் கையில் பிரிசம் கம்போடு நாற்சந்தியில் பதினெட்டு வருடம் நான்கு மாதம் பதினோரு நாள் நின்றார். நடுவில் ஒருமுறைகூட உட்காரவில்லை. நிற்க ஆரம்பித்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. அந்த இடம் அப்போது நாற்சந்தியும் இல்லை. முள்ளும் உடைந்த செங்கல்லும் கிடந்த வெறும் பொட்டல். ரோடு பிற்பாடு வந்தது, வந்த ரோடு அவரைச் சுற்றிக்கொண்டு போனது. போக்குவரத்துக்கு இடையூறு என்று நகராட்சி நோட்டீஸ் கொண்டுவந்தது; ஒட்ட வேறு இடம் கிடைக்காமல் அவர் முதுகிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாம் வருடம் அவரைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வட்டமாகச் சுவர் எழுப்பி, கறுப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்து, ரவுண்டானா என்று ஃபைலில் எழுதி முடித்துவிட்டார்கள். இயற்கை உபாதைகள் நான்காம் நாளோடு நின்றுபோயின. பசி மட்டும் கடைசிவரை இருந்தது.

நிலம் அளப்பவர்களின் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் முக்காலியின் மேல் கருவியை வைத்துக்கொண்டு ஓரிடத்தில் நிற்பார். மற்றவர் தூரத்தில், தரையில் அடித்த ஆணியின் தலைமேல் கம்பின் முனையை வைத்து, கம்பை நட்டுக்குத்தாகப் பிடித்திருப்பார். கம்பின் உச்சியில் பிரிசம் என்கிற கண்ணாடிக் கட்டி இருக்கும். கருவி அனுப்பும் ஒளி அதில் பட்டுத் திரும்பினால் தூரம் தெரியும். கம்பு சாய்ந்தால் அளவு கெட்டுப்போகும் என்பதால் கம்பின் நடுவில் ஒரு சின்னக் குமிழி வைத்திருப்பார்கள். அந்தக் குமிழி வட்டத்துக்குள்ளேயே நிற்கும்படி பார்த்துக்கொள்வதுதான் கம்புக்காரரின் முழு வேலை. அளந்து முடித்ததும் கருவிக்காரர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, பக்கவாட்டில் இறக்கிக் காட்டுவார். ஆயிற்று, கிளம்பு என்று அர்த்தம். அதுவரை கம்புக்காரர் அசையக் கூடாது.

சர்வேயரம்மா கருவி, அவர் கம்பு. இரண்டே பேர் சேர்ந்து நடத்திய கம்பெனி அது. கல்யாணமான முதல் வருடத்தில், ரோட்டில் யாரோ பஸ்ஸை நிறுத்தக் கையைத் தூக்கியதைப் பார்த்து அவர் கம்பை எடுத்துவிட, ஒரு முழுநாள் வேலை பாழாய்ப் போனது. அன்று சர்வேயரம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வயலில் மேய்ந்த மாடு திரும்பிப் பார்த்ததாம். இனிமேல் கருவி நிற்கும் இடத்திலிருந்து, அவளே, இரண்டு கையையும் தூக்கினால்தான் அசைய வேண்டும்; வேறு யார் எங்கிருந்து எதைத் தூக்கினாலும் அசையக் கூடாது என்று சட்டம் போட்டாள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒருமுறை கொட்டும் மழையில் நான்கு மணி நேரம் நின்றார், ஒருமுறை குளவி கொட்டியும் நின்றார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்குச் செங்குத்து என்று பெயர் வைத்தார்கள். பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

கை காட்டாமல் போன நாளில் காலையிலேயே வீட்டில் சண்டை. ஊரில் சாட்டிலைட் ரிசீவர் என்று ஒன்று வந்திருந்தது. ஒரே ஆள் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் போதும், எதிரில் கருவியும் வேண்டாம், கருவிக்குப் பின்னால் ஆளும் வேண்டாம். சர்வேயரம்மா அதை வாங்கியே தீருவது என்றிருந்தாள். "ஒரு ஆளே போதும்னா மத்த ஆள் என்ன பண்றது?" என்று அவர் கேட்டார். செருப்பை மாட்டிக்கொண்டே, "வீட்ல இருங்க, யார் வேணாம்னா?" என்று அவள் சொன்னாள். அந்தப் பேச்சு அந்தரத்தில் நிற்கும்போதே வாசற்படிக்கு முன்னால் அன்றைய முதல் ஆணியை அடித்து, அங்கிருந்து அளவையைத் தொடங்கி, இருவரும் பொட்டலுக்குப் போய்விட்டார்கள். பொட்டலின் ஒரு கோடியில் எட்டு மாடி வணிக வளாகம் வரப்போகிறது, அதற்கான அளவை. அவள் முக்காலியை வைத்து, கருவியை மட்டம் பார்த்து, எதிரே நூற்று எண்பத்து நான்கு மீட்டர் தள்ளி அவர் பிடித்திருந்த பிரிசத்தைக் குறிபார்த்து அளந்தாள். 184.306 என்று வந்தது. நோட்டில் எழுதினாள். எழுதும்போதே போன் அடித்தது. ரிசீவர் வந்துவிட்டது, ஐந்து மணிக்குள் வந்தால் இன்றைக்கே எடுத்துப் போகலாம் என்றார் கடைக்காரர். அவள் கருவியைப் பெட்டியில் வைத்து, முக்காலியை மடக்கி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கை காட்டவில்லை. வேண்டுமென்றே செய்யவில்லை, மறந்துபோனாள். பதினெட்டு வருடத்தில் இதைக் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சொன்ன பதில் இந்த ஒரே வாக்கியம்தான்.

இப்படி மறப்பது இந்தத் தொழிலில் புதிது ஒன்றும் இல்லை. மற்ற கம்புக்காரர்கள் அரைமணி நேரம் பார்ப்பார்கள், பிறகு கண்டபடி திட்டிக்கொண்டு வந்து சேர்வார்கள். அவர் வரவில்லை. கோபித்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிருப்பார் என்று சர்வேயரம்மா நினைத்தாள். அண்ணன் அவர் வீட்டிலேயே இருக்கிறார் என்று தங்கச்சி நினைத்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு இருவரும் போனில் பேசிக்கொண்டபோதுதான் விஷயம் தெரிந்தது. சர்வேயரம்மா ஓடினாள். அவர் நின்றுகொண்டிருந்தார், குமிழி வட்டத்துக்குள் இருந்தது. ஆனால் அவள் முந்தின நாள் கருவி வைத்த இடத்தில் ஆறு மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம். கட்டடக்காரர்கள் விடியும்போதே தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் பள்ளத்தின் விளிம்பில் நின்று கையைத் தூக்கினாள். அவர் அசையவில்லை. கிட்டே போய்த் தூக்கினாள். "இங்கேருந்து காட்டினா அது சும்மா கையைத் தூக்கறது. கருவி நின்ன இடத்துலேருந்து காட்டு," என்றார். குரலில் கோபம் இல்லை, வேலை நேரத்தில் பேசுகிற குரல். போனில் சொன்னாள்; போனில் சொல்வது கை ஆகாது என்றார். காலைப் பிடித்து அழுதாள். அழும்போது அவர் கீழே குனிந்து பார்க்கவில்லை, குனிந்தால் கம்பு சாயும். வேலையாட்கள் நான்கு பேரை விட்டுத் தூக்கச் சொன்னாள். தூக்க முடியவில்லை, அவர்கள் டீக்குக் காசு வாங்கிக்கொண்டு போனார்கள். பள்ளத்தில் அஸ்திவாரம் விழுந்தது, அஸ்திவாரத்தின் மேல் எட்டு மாடி எழுந்தது. கருவி நின்ற இடம் எது என்று அவள் அளந்து பார்த்தாள். லிஃப்டுக்குள் வந்தது. கட்டடம் திறந்த முதல் இரண்டு வருடம் தினமும் காலை பத்து மணிக்கு அந்த லிஃப்டில் ஏறி, கதவு மூடியதும் இரண்டு கையையும் தூக்கி இறக்கிவிட்டு எட்டாவது மாடியில் வெளியே வருவாள். கூட ஏறியவர்கள் முதுகுவலிக்கான பயிற்சி என்று நினைத்துக்கொண்டார்கள், ஓரிருவர் தாங்களும் செய்தார்கள். மூன்றாம் வருடம் நிறுத்திவிட்டாள். வேலை அதிகமாகிவிட்டது.

சாப்பாட்டுப் பொறுப்பை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். இரண்டு வேளையும் டப்பாவோடு போய் அண்ணனுக்கு ஊட்டிவிட்டு, தலைமுடியையும் நகத்தையும் வெட்டிவிட்டு, ஊர்வம்பு அத்தனையும் சொல்லிவிட்டு வருவாள். அவர் நிற்க ஆரம்பித்தபோது மகளுக்கு மூன்று வயது. ரவுண்டானாச் சுவரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், வாய்ப்பாடு தடுமாறினால் மேலேயிருந்து சரியான எண் வரும். பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் நிற்கிறார் என்று சொல்லுவாள், டீச்சர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். சர்வேயரம்மா முதலில் தினமும் போனாள், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சண்டை இல்லை, வெறுப்பு இல்லை. நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போகும் இல்லையா, அப்படி உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. கிள்ளிப் பார்த்தால் கிள்ளுவது தெரியும், வலிக்காது.

கம்பெனி வளர்ந்தது. ஐந்தாம் வருடம் ஒரு விசித்திரம் தெரியவந்தது. நிலத்தடித் தண்ணீரை எல்லோரும் உறிஞ்சியதில் ஊர் முழுவதும் வருடத்துக்கு ஏழெட்டு மில்லிமீட்டர் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எந்தக் கல்லை நிலையானது என்று நம்பினாலும் அடுத்த வருடம் அது இறங்கியிருந்தது. செங்குத்து மட்டும் இறங்கவில்லை. போட்டிக் கம்பெனிகள் தனித்தனியாக அளந்து பார்த்தன, சாட்டிலைட்டும் அதையே சொன்னது. அவரும் அவர் கம்பும் கம்பின் கீழ் இருந்த ஆணியும் இருந்த உயரத்திலேயே இருக்க, ரோடு அவர் செருப்பை விட்டுக் கீழே போனது. கடைசி வருடத்தில் செருப்புக்கும் தரைக்கும் இடையில் ஏழு விரற்கடை. நகராட்சிக்காரர்கள் அதில் அவ்வப்போது சிமென்ட் பூசிப் பார்த்தார்கள், சிமென்டும் இறங்கியது.

ஊரில் அசையாத இடம் என்று ஒன்று இருந்தால் அதை வைத்துத் தொழில் செய்யலாம் என்பது சர்வேயரம்மாவுக்குச் சட்டென்று புரிந்தது. ஒரு ஏணி கொண்டுவந்து அவர் கம்பின் உச்சியில், பிரிசத்துக்கு மேலே, ஒரு ஆன்டெனாவைத் தானே பொருத்தினாள். அதிலிருந்து கிளம்பிய சிக்னலைப் பிடித்தால் எந்த ரிசீவரும் ஒரு சென்டிமீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். மண்வெட்டும் இயந்திரங்கள், டிராக்டர்கள், பாலம் கட்டுகிறவர்கள், ரோடு போடுகிறவர்கள், அவளோடு போட்டி போட்ட கம்பெனிகள் எல்லாம் மாதச் சந்தா கட்டி அந்த சிக்னலை வாங்கின. அளந்து சம்பாதித்த காலம் போய், அளவைச் சந்தாவுக்கு விடுகிற காலம் வந்தது. ஆன்டெனா மாட்டிய அன்று ஏணியின் மேலே அவள் முகமும் அவர் முகமும் ஒரு முழ தூரத்தில் இருந்தன. "குமிழியப் பாரு," என்றார். பார்த்தாள். "நடுவுல இருக்கு," என்றாள். அந்த வருடத்தில் அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

பிறகு ட்ரோன் வந்தது, மகள் வளர்ந்து அதை ஓட்டக் கற்றுக்கொண்டாள். லேசர் ஸ்கேனர் வந்தது. வண்டியின் மேல் வைத்து ஒரு தெருவில் ஓட்டினால் தெருவில் உள்ளதெல்லாம் கோடிக்கணக்கான புள்ளிகளாக உள்ளே வந்து விழும். அந்தப் புள்ளிகளைப் பார்த்து இது மரம், இது சுவர், இது விளக்குக் கம்பம் என்று தானே பிரித்துச் சொல்லும் சாஃப்ட்வேரும் வந்தது. முன்பு பத்து பேர் ஒரு மாதம் உட்கார்ந்து செய்த வேலையை அது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முடித்தது. நாற்சந்தியை ஸ்கேன் செய்யும்போதெல்லாம் அது அப்பாவைக் கம்பம் என்று போட்டது. மகள் அதை மாற்றி மனிதர் என்று போடுவாள். அடுத்த முறையும் கம்பம். திரும்ப மாற்றுவாள். மூன்று வருடம் மாற்றினாள். சாஃப்ட்வேரின் புதிய பதிப்பு ஒன்று வந்தபிறகு அது, இப்படி மாற்றுவதால் மொத்தத் துல்லியம் குறைகிறது, தொடரலாமா என்று கேட்டது. அன்றைக்கு ஏகப்பட்ட வேலை. வேண்டாம் என்பதை அழுத்திவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாவிடம் சொன்னாள். "சரி விடு," என்றாள் அம்மா.

இந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய கம்பெனியின் ஆள் வந்தார். அளவைக் கம்பெனிகளை வாங்குவதே அவருடைய உத்தியோகம். மூன்று வருடத்தில் பதினொன்று வாங்கியிருந்தார். "மேடம், அளக்குறவங்க எல்லாரும் அம்பதைத் தாண்டிட்டாங்க. புதுசா யாரும் வர்றதில்ல. மெஷின் ஒவ்வொண்ணும் யானை வெல. சின்னக் கம்பெனி இனிமே ஒண்ணு சேரணும், இல்ல காணாமப் போகணும்," என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சர்வேயரம்மாவுக்கும் முட்டி தேய்ந்திருந்தது, வேலைக்கு ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்து ஏழு மாதமாக ஒருவரும் வரவில்லை. பேச்சு ஒழுங்காக நடந்தது. அவர் உண்மையில் வாங்க வந்தது ட்ரோனையோ ஸ்கேனரையோ அல்ல, நாற்சந்தியை. நேரில் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போனார்கள். ரவுண்டானாவைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, இதைப் பராமரிக்க என்ன ஆகும் என்று விசாரித்தார். டப்பாவை மூடிக்கொண்டிருந்த நாத்தனார், "ரெண்டு வேள சோறு, மாசம் ஒருக்கா முடி வெட்டணும்," என்றாள். அவர் அதையும் குறித்துக்கொண்டார். ஒப்பந்தத்தில் ஒரு வரி வந்தது: நாற்சந்தி நிலைப்புள்ளி அசையாமல் தொடரும் என்று விற்பவர் உறுதி அளிக்கிறார்.

அந்த வரியில் கையெழுத்துப் போட இரண்டு மாதம் இருக்கும்போது, எட்டு மாடி வளாகம் சாய்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. அதைக் கண்டுபிடித்ததும் சர்வேயரம்மாதான். பெரிய கட்டடங்கள் எவ்வளவு இறங்குகின்றன, எந்தப் பக்கம் சாய்கின்றன என்று செங்குத்தை வைத்து அளந்து அறிக்கை கொடுப்பது கம்பெனியின் வேலைகளில் ஒன்று. மற்ற கட்டடங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தாள், இந்தக் கட்டடத்தை மட்டும் ஏனோ வாரம் ஒருமுறை அளந்துவந்தாள். அதற்காக எண்ணில் கைவைத்தாள் என்று யாரும் நாக்கில் பல் படப் பேசக் கூடாது. வேறு மூன்று கம்பெனிகள் அளந்தும் அதே எண்தான் வந்தது. கட்டடம் ஆகாது, இடித்துவிட வேண்டியது என்று முடிவானது. கடைக்காரர்கள் காலி செய்தார்கள், இயந்திரங்கள் வந்தன. இடித்த கல்லையே கீழ்த்தளத்தில் கொட்டித் தரை மட்டத்துக்கு நிரவிவிட்டு, ஒன்பது நாள் கழித்துப் புதுக் கட்டட வேலை தொடங்கும் என்றார்கள். ஒன்பது நாள், கருவி நின்ற இடத்துக்கும் நாற்சந்திக்கும் நடுவில் எதுவும் இருக்காது. ஒப்பந்தத்தில் கையெழுத்து ஏழாம் நாள்.

முதல் ஐந்து நாள் சர்வேயரம்மா எதுவும் செய்யவில்லை. வழக்கம்போல ஒன்பது மணிக்கு ஆபீஸ் போனாள், ஆறு மணிக்கு வந்தாள். கம்பெனியில் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். கம்பு எடுபட்டால் சிக்னல் போகும், சந்தா போகும், வாங்க வந்தவர் போவார், பதினான்கு பேரும் தெருவில் நிற்பார்கள். இதை மகள்தான் வாய்விட்டுச் சொன்னாள். "அப்பா நிக்கிறதாலதாம்மா எல்லாரும் உக்காந்து வேல பாக்குறோம்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வந்தா எங்க படுப்பாரு? கட்டில்ல அவர் படுக்குற பக்கம் பிரின்டர் பேப்பர் ரோலா அடுக்கி வச்சிருக்க," என்றும் கேட்டாள். சர்வேயரம்மா யோசித்துப் பார்த்தாள். அவர் உள்ளே வருவதையும் செருப்பைக் கழற்றுவதையும் நினைத்துப் பார்த்தாள். சந்தோஷமும் வரவில்லை, பயமும் வரவில்லை. தனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதில் மட்டும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆறாம் நாள் நாத்தனார் வந்து சோபாவில் உட்கார்ந்தாள். "அண்ணி, நான் ஒண்ணும் சொல்ல வரல. உங்க புருஷன், உங்க கம்பெனி. பதினெட்டு வருஷமா ஊட்டி விடுறேன், கை வலிக்குதுன்னு ஒருநாள் சொன்னதில்ல. ஆனா ஒண்ணு கேக்குறேன். அவரு என்னைக்காவது ஒரு நாள், ஏன்டி இன்னும் அவ கை காட்டலன்னு கேட்டா நான் என்ன சொல்றது? கட்டடம் மறைக்குதுன்னு இத்தன நாள் சொன்னேன். இப்ப கட்டடம் இல்லயே," என்றாள். சர்வேயரம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாத்தனார் அதைக் குடித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

ஏழாம் நாள் காலை ஒன்பதரை மணிக்கு ஆபீசில் ஒப்பந்தமும் பேனாவும் மேஜைமேல் இருந்தன, வாங்க வந்தவர் நாற்காலியில் இருந்தார், சர்வேயரம்மா இல்லை. அவள் ஸ்டோர் ரூமிலிருந்து பழைய கருவியையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு கல்மேட்டுக்குப் போயிருந்தாள். கருவி நின்ற இடத்தைத் தேட ரிசீவர் வேண்டும், ரிசீவருக்கு சிக்னல் வேண்டும். செங்குத்தின் தலைக்கு மேலிருந்து வந்த சிக்னலே அந்த இடத்தை ஒரு சென்டிமீட்டருக்குள் காட்டிக்கொடுத்தது. முக்காலியை விரித்தாள். மட்டம் பார்த்தாள். கருவியின் தொலைநோக்கிக் குழாயில் கண்ணை வைத்தாள். வண்டிகள், ஒரு பஸ்ஸின் பின்பக்கம், அது விலகியதும் அவர் முகம். நரைத்த தாடி, காதோரம் நாத்தனார் ஒழுங்கில்லாமல் வெட்டிய முடி, குமிழியின் மேல் பதிந்த கண். பதினெட்டு வருடமாக அருகில் போய்ப் பார்த்த முகம்தான், ஆனால் இந்த இடத்திலிருந்து பார்க்கும்போது அவர் அவளை எதிர்பார்த்து நிற்பது தெரிந்தது. அருகில் போனால் அது தெரிவதில்லை. சர்வேயரம்மாவுக்கு மூக்கு எரிந்தது. இது என்ன என்று அவளுக்கு உடனே புரியவில்லை; ரொம்ப நாளாயிற்று.

அளந்தாள். 184.306. பிறகு கருவிக்குப் பின்னால் நேராக நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, பக்கவாட்டில் இறக்கினாள்.

அவர் பார்த்தார். பார்த்ததற்கு அடையாளமாக ஒரு கையைத் தூக்கிக் காட்டினார், அதுவும் அவர்கள் வழக்கம்தான். கம்பை ஆணியிலிருந்து எடுத்தார். ஆன்டெனாவின் கேபிள் அறுந்தது. ஊர் முழுக்க மண்வெட்டும் இயந்திரங்கள் நின்றன, டிராக்டர்கள் நின்றன, வானத்தில் இருந்த மூன்று ட்ரோன்கள் தாமாகவே இறங்கின. அவர் ரவுண்டானாச் சுவரைத் தாண்டி ரோட்டில் கால் வைத்தார். ஏழு விரற்கடை இறங்க வேண்டியிருந்ததால் கொஞ்சம் தடுமாறினார். சர்வேயரம்மா இதன் பிறகு நடக்கக்கூடியதையெல்லாம் நினைத்துப் பார்த்திருந்தாள். விழுந்துவிடுவார், திட்டுவார், நேரே தன்னிடம் வருவார், வந்து ஒன்றும் பேசாமல் வண்டியில் ஏறி உட்காருவார். அவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார். முப்பது வருடம் இதே தொழிலில் இருந்தும் அது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. கிளம்பு என்றால் வீட்டுக்குக் கிளம்பு என்று இந்தத் தொழிலில் யாரும் சொன்னதில்லை, அடுத்த ஆணிக்குக் கிளம்பு என்றுதான் அர்த்தம்.

காலைச் சாப்பாட்டோடு அங்கே இருந்த நாத்தனார், "அண்ணே, வீடு இந்தப் பக்கம்," என்று பின்னாலேயே ஓடினாள். "வேல பாதில கிடக்கும்மா," என்றார் அவர், நடையை நிறுத்தாமல். பேங்க் இருக்கும் தெருமுனைக்குப் போய், பையிலிருந்து துருவேறிய ஆணி ஒன்றை எடுத்து அடித்து, கம்பை அதன்மேல் நிறுத்தி, குமிழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கம்பு முன்னே போனால் கருவி, கம்பு இருந்த இடத்துக்கு வர வேண்டும். அளவையில் அதுதான் முறை. சர்வேயரம்மா முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு நூற்று எண்பத்து நான்கு மீட்டர் நடந்தாள். பழைய ஆணி ரோட்டுக்கு மேலே ஏழு விரற்கடை உயரத்தில் காற்றில் நின்றது. அதற்கு நேர் மேலே கருவியை வைத்து மட்டம் பார்த்தாள். அவர் நின்ற இடத்தில் நின்றுகொண்டு அவரைப் பார்த்தாள். 211.870. எழுதிக்கொண்டாள். கையைத் தூக்க மட்டும் நேரமாயிற்று. தூக்கினால் போய்விடுவார், தூக்காவிட்டால் நிற்பார். எவ்வளவு காலம் நிற்பார் என்பது இந்த உலகத்தில் வேறு யாரையும்விட அவளுக்குத் தெரியும். பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது. அவள் அழுதுகொண்டே இரண்டு கைகளையும் தூக்கினாள்.

வாங்க வந்தவர் பதினொரு மணிவரை காத்திருந்துவிட்டுப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார். மகள் அந்த மாதமே ஊரின் நான்கு மூலையில் நான்கு கான்கிரீட் தூண் எழுப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு ஆன்டெனா வைத்தாள். நான்கும் இறங்குகின்றன, ஒன்றை ஒன்று பார்த்துச் சரிசெய்துகொள்கின்றன. ஒரு சென்டிமீட்டர் துல்லியம் இரண்டாகிவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை. சந்தாக்காரர்களில் இருவர் போனார்கள், மூவர் வந்தார்கள். பதினான்கு பேரும் அதே நாற்காலிகளில் இருக்கிறார்கள்.

அவர்கள் இருவரும் அந்த வாரமே ஊர் எல்லையைத் தாண்டிவிட்டார்கள். நேராகப் போக முடியாதபடி எங்கும் கட்டடம் எழும்பிவிட்டதால் சுற்றிக்கொண்டு போகிறார்கள். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு ஆணிகள் ஆகியிருக்கின்றன. இருவருக்கும் இடையே மிகக் குறைந்த தூரம் தொண்ணூற்றேழு மீட்டர், அதிகம் அறுநூற்று நாற்பது. பேசிக்கொள்வதில்லை, கைதான். வழியில் இருப்பவர்கள் முக்காலி தூக்கிய ஒரு அம்மாளும் அவளுக்கு முன்னே கம்பு தூக்கிய ஒரு பெரியவரும் போவதைப் பார்த்து, ரோடு வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். நாத்தனார் இப்போது இரண்டு டப்பா கட்டுகிறாள், மகள் ட்ரோனில் அனுப்புகிறாள். சாயங்காலம் ஆறு மணிக்கு அன்றைய எண்களைச் சர்வேயரம்மா போனில் படிப்பாள், மகள் குறித்துக்கொள்வாள். ஒருநாள், "அம்மா, அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டாள். "தெளிவாத் தெரியிறாரு," என்றாள் சர்வேயரம்மா.

அளவை என்று ஒன்றைத் தொடங்கினால் தொடங்கிய ஆணியிலேயே வந்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் அது அளவையே இல்லை. அன்றைய வேலையின் முதல் ஆணி அவர்கள் வீட்டு வாசற்படிக்கு முன்னால் அடித்தது, இன்னும் இருக்கிறது. மகள் எல்லாப் புள்ளிகளையும் திரையில் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு ஆணிக்கும் அவர்கள் இடது பக்கமாகக் கொஞ்சம் வளைகிறார்கள். இதே வேகத்தில் போனால் இருபத்தாறு வருடத்தில் வாசலுக்கு வந்துசேருவார்கள். அவள் இரண்டு முறை சரிபார்த்தாள், எண் மாறவில்லை. வாசலில் யாரும் வண்டி நிறுத்தாமல் இருக்க மஞ்சள் பெயின்டில் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறாள், மழையில் அழியும்போதெல்லாம் திரும்ப அடித்துவிடுகிறாள்.